நான்கு மில்லிமீட்டர் அதிகம்

ராணுவத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். அவசரப்பட வேண்டாம். நான் துப்பாக்கியைத் தொட்டது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான். மீதி வருஷமெல்லாம் போக்குவரத்துப் பிரிவின் அலுவலகத்தில், டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மற்றவர்களின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ரைட்டர் சார் என்று கூப்பிடுவார்கள். மரியாதையெல்லாம் பேனாவுக்கு, எனக்கில்லை. விடுமுறை, மாற்றல், பதவி உயர்வு எல்லாம் அந்த மேஜையைத் தாண்டித்தானே போக வேண்டும்.

அந்தப் பிரிவில் லாரி ஓட்டியவன் ஒருவனைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவனுக்குப் பெயர் இருந்தது. பதிவேட்டில் மட்டும் இருந்தது. கர்னலிலிருந்து சமையல்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பவர்வரை எல்லோரும் அவனை ‘மூணு சக்கரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

வலது முன்கையில் அவன் பச்சை குத்தியிருந்த படத்தால் வந்த பெயர் அது. லாரிப் படம். லாரி என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோணல் பெட்டி, அதன் மேல் ஒரு குட்டிப் பெட்டி, ஜன்னலில் கண் மூக்கு வாய் வைத்த ஒரு தலை, கீழே மூன்று சக்கரம். அதிலும் மூன்றாவது சக்கரம் வண்டியோடு ஒட்டாமல் தனியாக உருண்டு போய்க்கொண்டிருக்கும்.

அதை வரைந்தது அவனுடைய ஒரே மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. மலை முகாமுக்கு இவனை மாற்றியிருந்தார்கள். கிளம்புகிற காலையில், அப்பா நம்மை மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியதோ என்னவோ, பால்பாயின்ட் பேனாவை எடுத்துவந்து அவன் கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு வரைந்திருக்கிறாள். இவன் இரண்டு நாள் ரயிலில் அந்தக் கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டான். இடது கையால் சாப்பிட்டான். முகாமுக்குப் போகும் வழியில் கடைத்தெருவில் ஒரு பச்சை குத்தும் கடை இருந்தது. அதற்குள் நுழைந்து, “இந்தக் கோட்டு மேலயே குத்துப்பா, ஒண்ணும் திருத்தாத” என்று கையை நீட்டினான். கடைக்காரன், “நாலாவது சக்கரம் நான் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டானாம். “கைய ஒடச்சிடுவேன்” என்றானாம் இவன்.

நாலு மாதம் கழித்து அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. இவனுக்கு விடுமுறை உத்தரவு மறுநாள்தான் கையெழுத்தானது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அவனும் என்னிடம் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

ஆள் எப்படிப்பட்டவன் என்று கேட்டால், வாயைத் திறக்காதவன். அணிவகுத்துப் போகும் லாரிகளில் கடைசி லாரியை அவனிடம்தான் கொடுப்பார்கள். முன்னால் போகிற வண்டி படுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு வர வேண்டியது கடைசி வண்டி. அதில் முட்டாளை உட்கார வைக்க முடியாது. காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான். “என்னப்பா, டயர் என்ன சொல்லுது?” என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். “உங்கள வண்டியில ஏத்த வேணாம்னு சொல்லுது சார்” என்பான் சிரிக்காமல்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறை சரிந்தது. இவன் வண்டியில் இருபத்தாறு பேர். திருப்ப இடமில்லை. ஒரு கிலோமீட்டர் தூரம் ரிவர்ஸிலேயே, கண்ணாடியில் ஒரு கண்ணும் பள்ளத்தில் ஒரு கண்ணுமாக, கீழே இறக்கிக்கொண்டு வந்தான். அதற்காகக் கர்னலுக்குப் பதக்கம் கிடைத்தது. கர்னல் அன்றைக்குப் பல் பிடுங்க ஊருக்குப் போயிருந்தார். இவனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது, அதிலும் வண்டி எண் தப்பு. டைப் அடித்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு வருஷம் அலுவலகக் கூரை ஒழுகி, பழைய பதிவேடுகள் ஊறிப் போயின. எல்லோருக்கும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அடையாளக் குறி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உடம்பில் அழியாமல் இருக்கும் குறிகள் இரண்டை எழுத வேண்டும்.

“மச்சம் கிச்சம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“தெரியலையே சார். வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்.”

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது.

“சரி, கையக் காட்டு. இதையே எழுதிக்கிறேன்” என்று, ‘வலது முன்கையில் மூன்று சக்கர வாகனம் பச்சை குத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். இரண்டாவது குறிக்கு நேராக ‘இல்லை’ என்று போட்டேன். அப்போதைய கர்னல் அதைப் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். ஆக, அந்தப் படம் ராணுவத்தின் ஒப்புதலோடுதான் அவன் கையில் இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்துத்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அது பிறந்த கதையைக் கேளுங்கள். வெளிநாட்டுத் தளபதி ஒருவர் வந்திருந்தார். வரவேற்பு அணியில் கழுத்தில் பாம்பைப் பச்சை குத்தியிருந்த ஒருவன் முன் வரிசையில் நின்றுவிட்டான். மறுநாள் செய்தித்தாளில் தளபதியும் பாம்பும் பக்கத்தில் பக்கத்தில். தலைமையகத்தில் யாருக்கோ மானம் போய்விட்டது. உடனே ஒரு குழு போட்டார்கள். குழு பத்து மாதம் உட்கார்ந்தது. எழுந்தபோது பதினாறு பக்கம் போட்டிருந்தது. பாம்புக்காரன் யாருக்கோ வேண்டியவன். அவனைக் கடற்கரைப் பக்கம் ஒரு நல்ல இடத்துக்கு மாற்றினார்கள், அங்கே காலரை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தான்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பச்சை குத்தினவன் எல்லாம் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஆள் சேர்ப்பில் ஒருவன் வந்தான். ஒரு இனத்தையே ஒழிக்க வேண்டும் என்று மார்பில் எழுதி வைத்திருந்தான். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது. வாசலிலேயே திருப்பி அனுப்பினோம், அது சரி. அதற்கு ஒரு வரி போதும். இவர்கள் எழுதிய பதினாறு பக்கத்தில் அந்த ஒரு வரியைக் காணோம். சென்டிமீட்டர்தான் இருந்தது. அதன்படி, முன்கையில் இருக்கும் பழைய குறி ஏழு சென்டிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். தாண்டினால் பத்து மாதத்துக்குள் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். படைப்பிரிவின் மரபுச் சின்னங்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கு யாருக்காக என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். அப்போது எங்களுக்கு வாய்த்த கர்னலுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறக்கை முளைத்த சக்கரம், நெருப்பு, ரிப்பன், ரிப்பனில் வாசகம். இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு விருந்து முடிந்த கையோடு, நிற்க முடியாத நிலையில் போய்க் குத்திக்கொண்டது. வாசகத்தில் ஒரு சொல்லே விட்டுப்போயிருந்தது. அது மரபாம்.

அளக்கிற நாள் வந்தது. வண்டிக் கொட்டகையில் ஒரு மேஜை. ஒரு பக்கம் மருத்துவ அதிகாரி, ஒரு பக்கம் கர்னல், நடுவில் ஸ்கேலோடு நான். ஐம்பது வயதுக்காரன், படித்தவன், வரிசையில் நிற்கிறவர்களின் கையைப் பிடித்து மைக்கோட்டை அளந்துகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூணு சக்கரத்தின் முறை வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். ஸ்கேலை வைத்தேன். ஏழு சென்டிமீட்டர் நான்கு மில்லிமீட்டர்.

“குத்தும்போது ஆறரைதான் சார் இருந்துச்சு” என்றான் மெதுவாக. “கை அப்ப ஒல்லி.”

உண்மைதான். பதினோரு வருஷம் ராணுவச் சாப்பாடு சாப்பிட்டு, ராணுவ லாரியின் ஸ்டியரிங்கை முறுக்கி முறுக்கி, கை தடித்துவிட்டது. கையோடு சேர்ந்து படமும் வளர்ந்துவிட்டது. அந்தக் குழந்தை வரைந்ததில் அது ஒன்றாவது வளர்ந்தது.

“கையத் தளர்த்தி விடு” என்றேன். மறுபடி வைத்தேன். அதே ஏழு நாலு. தனியாக உருளும் அந்த மூன்றாவது சக்கரத்தால்தான் வினை. அது மட்டும் வண்டியோடு ஒட்டியிருந்தால் ஏழுக்குள் அடங்கியிருக்கும்.

ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கலாம். ஏழு என்று எழுதியிருந்தால் யார் வந்து அளக்கப் போகிறார்கள்? கர்னல் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ குடிக்கிற ஒருவருக்குப் பயந்து ஏழு புள்ளி நான்கு என்று எழுதினேன். இந்தக் கதையில் பெரிய அயோக்கியன் யார் என்று கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியாது.

முழு ஓய்வூதியத்துக்கு இருபது வருஷம் வேண்டும். அவனுக்கு அப்போது பதினாலு மாதம் பாக்கி. வெளியே அனுப்பினால் அதுவும் போய், குடியிருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸும் போய்விடும். மனு எழுதிக்கொடுத்தேன். ‘இறந்துபோன ஒரே மகள் தன் கையால் வரைந்தது, கருணையோடு பரிசீலிக்கவும்’ என்று உருக்கமாகத்தான் எழுதினேன். நாலே நாளில் பதில் வந்தது. மனு போய்ச் சேரவே ஐந்து நாள் ஆகும். ‘பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை.’

அவன் நேராகக் கர்னலிடம் போனான். நான் கோப்போடு பின்னால் நின்றேன்.

“ஐயா, நாலு மில்லிமீட்டர்தான் அதிகம். முழுக்கைச் சட்டை போட்டுக்கறேன். வெயில் காலத்துலயும் மடிக்க மாட்டேன்.”

கர்னல் இறக்கைச் சக்கரத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார். “என்னய்யா, ஒரு படத்துக்குப் போயி இப்படி நிக்கறே? எங்கிட்டயும்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. ஒன்னோடது என்ன? சும்மா கிறுக்கல்.”

அவன் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். வராந்தாவில் என்னைப் பார்த்து, “அவரு சொல்றதும் சரிதான் சார், கிறுக்கல்தான்” என்றான். எனக்கு அந்தக் கர்னலின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. என்ன செய்தேன்? கோப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அந்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி ராணுவச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அழிச்சிடுங்க” என்றாள் அவள், என் எதிரிலேயே.

“சும்மா இரு.”

“ஏன் சும்மா இருக்கணும்? அவ என்ன உங்க கையிலயா இருக்கா? பதினாலு மாசத்துக்காக இத்தன வருஷத்தையும் தூக்கிப் போடுவீங்களா? நாளைக்கு இந்த வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போய் நிப்போம்?”

நான் எழுந்து கிளம்பினேன். வாசல்வரை வந்தவள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், “அண்ணா, எனக்கு மட்டும் ஆசையா? நான் சொல்லலேன்னா அவரு செய்ய மாட்டாரு. வேலையும் போயிடும். பாவத்த நான் வாங்கிக்கறேன்னுதான் சொன்னேன்” என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனில் அந்தக் கையை இருபது முப்பது படம் எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

எட்டுத் தடவை லேசர் வைத்தார்கள். ராணுவ மருத்துவமனையில் அதற்கு இயந்திரம் இல்லை. ஊருக்குள் ஒரு தோல் டாக்டரிடம் போக வேண்டும், அதுவும் சொந்த விடுமுறையில். மலிவுக் கடை மை, ஆழமாக இறங்கியிருந்தது. முதல் தடவையிலேயே கொப்புளம் போட்டது. மூன்றாம் தடவைக்குப் பிறகு சீழ் பிடித்தது. கட்டுப் போட்ட கையோடு மலைப்பாதையில் கடைசி லாரியை ஓட்டினான். கியர் மாற்றும்போது பல்லைக் கடிப்பான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். முதலில் ஜன்னலில் இருந்த தலை போயிற்று. அப்புறம் பெட்டி. எட்டாம் தடவை முடிந்தபோது முன்கையில் வெள்ளையும் சிவப்புமாக, சுருங்கிய தோல் ஒரு உள்ளங்கை அளவுக்கு இருந்தது. கர்னல் பார்த்துவிட்டு, “பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு” என்றார்.

பதினாலு மாதமும் ஓடியது. ஓய்வு பெறுகிறவர்களின் பதிவேட்டைச் சரிபார்க்கத் தலைமையகப் பதிவுப் பிரிவிலிருந்து ஒரு மேஜர் வந்தார். சின்ன வயசு, சட்டை மடிப்புக் கலையாதவர். கர்னல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதிவேட்டையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூணு சக்கரத்தின் பதிவேட்டில் அவர் விரல் நின்றது.

“வலது முன்கையில மூணு சக்கர வாகனம். எங்க அது?”

அவன் கையை நீட்டினான்.

“இதுல ஒண்ணும் இல்லையே.”

“அழிச்சாச்சுங்கய்யா.”

“அடையாளக் குறிய அழிக்கலாமா? உனக்கு ரெண்டாவது குறியும் இல்ல. நீதான் அந்த ஆளுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

நான் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எட்டுத் தடவைக்கான ரசீதுகளையும் வைத்தேன். மேஜர் பொறுமையாகப் படித்தார்.

“இது ஒழுங்குப் பிரிவு போட்ட உத்தரவு. நான் பதிவுப் பிரிவு. எங்க விதிப்படி குறி இருந்தாகணும்.”

ஒரே கட்டடம். மாடி ஒழுங்குப் பிரிவு, கீழ்த்தளம் பதிவுப் பிரிவு. மாடியில் இருப்பவன் அழி என்கிறான், கீழே இருப்பவன் காட்டு என்கிறான். நடுவில் இருக்கும் பதினெட்டுப் படியை இறங்கிவந்து ஒரு வார்த்தை கேட்க ஒருத்தனுக்கும் காலில்லை.

கர்னலுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. “இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு பேச்சு? பேனாவால வரைஞ்சு ஒரு போட்டோ எடுத்து ஒட்டுங்க. ரைட்டர், ஒனக்குத்தான் ஞாபகம் இருக்குமே, நீயே போடு” என்றார்.

மேஜரும், போட்டோ இருந்தால் போதும் என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். இருபது வருஷத்தில் அதிகாரி எதிரில் அவன் இழுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

“அது எம்பொண்ணு போட்ட படம்யா. வேற யாரும் போடக் கூடாது.”

கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குறியை அடித்துவிட்டு இப்போது இருப்பதைப் புதுக் குறியாக எழுதலாம், விதியில் இடம் இருக்கிறது என்றார். பெரிய மனது பண்ணிவிட்டார்.

“எழுதுங்க ரைட்டர். வலது முன்கையில் தீக்காயத் தழும்பு.”

எழுதினேன்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே.”

“இருக்குங்கய்யா.”

மேஜர் கர்னலைப் பார்த்தார். கர்னல் ஜன்னலைப் பார்த்தார். ராணுவமே பதினாறு பக்கம் உத்தரவு போட்டு எரித்தது என்று பதிவேட்டில் ஏறினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள்.

“தெரியவில்லைன்னு போடுங்க” என்றார் மேஜர்.

அந்தச் சுற்றறிக்கை என் கையில்தான் இருந்தது. உத்தரவு எண் மேலே பெரிதாக அச்சாகியிருந்தது. அதை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. ‘காரணம்: தெரியவில்லை’ என்று எழுதினேன். கோணாமல், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினேன்.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் நீட்டினான்.

“உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்கு சார்” என்றான்.